பின்மண்டையில் ஒரு மரு

ஜனவரி 9, செவ்வாய்

இன்று பார்லருக்கு விடுமுறை. குன்னூர்ப் பெண்கள் வாரத்தில் ஒருநாளாவது சொந்தப் புருவத்தோடு நடமாடட்டும் என்று செவ்வாய்தோறும் ஷட்டரை இறக்கிவிடுவேன். எனக்கு மட்டும் ஓய்வு கிடையாது. இரண்டு நாளாக வினிகர் வாளியில் ஊறிய இரண்டு கோடாலித் தலைகளை எடுத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். வீடு முழுக்க ஊறுகாய் வாசம்.

"சமையலுக்குத்தான் வாசம் வருதுன்னு சந்தோசப்பட்டேன்" என்றார் இவர். நகராட்சியில் தண்ணீர்ப் பிரிவு குமாஸ்தா. பெயர் தணிகாசலம். அடியில் பதினான்கு கோடாலிகள் அடுக்கிய கட்டிலின் மேல் படுத்துக் குறட்டை விடும் ஒரே மனிதர் இந்த மலையில் இவர்தான். தைரியசாலி என்று சொல்ல மாட்டேன். படுத்ததும் தூங்கிவிடும் வியாதி.

'பழைய கோடாலி வாங்கப்படும்' என்று பார்லரில் ஒரு அட்டை மாட்டியிருக்கிறேன். இதுவரை ஏழு பேர் வந்தார்கள். ஐந்து பேர் கொண்டுவந்தது கோடாலித் தைலம். அதிலும் ஒரு அம்மாள், "சிங்கப்பூர்ல இருந்து மருமகன் குடுத்தது, பாதிதான் தேச்சிருக்கேன்" என்று பேரம் பேசினார்.

உனக்கு ஏன் இந்தக் கிறுக்கு என்று எல்லாரும் கேட்கிறார்கள். தோள்பட்டை வலிக்கு டாக்டர் சொன்ன உடற்பயிற்சி என்கிறேன். டாக்டர் சொன்னது துண்டைப் பிடித்து இழுக்கும் பயிற்சி. அதைச் சொல்வதில்லை. அப்பா மேட்டுப்பாளையத்தில் விறகுக் கடை வைத்திருந்ததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஜனவரி 11, வியாழன்

கொர்னேலி அக்கா டை அடிக்க வந்தார். தபால் ஆபீசில் தந்தி அடித்து ஓய்வு பெற்றவர், அறுபத்தெட்டு வயது. அந்த விரல்கள் இன்னும் நாற்காலிக் கையில் எதையோ தட்டிக்கொண்டே இருக்கும். பாராட்டா, திட்டா தெரியாது. மாதம் ஒருமுறை அவர் உள்ளே டையோடு உட்கார்ந்திருக்கும்போது, அவர் வீட்டுக்காரர் மிக்கேல் அண்ணன் வெளியே ஸ்டூலில் பேப்பர் படிப்பார். போன பிப்ரவரியில் இறந்துபோனார். ஸ்டூலை நான் இன்னும் எடுக்கவில்லை. வாடிக்கையாளர்கள் கைப்பை வைக்க உதவுகிறது.

அக்கா கோணிச் சுருள் ஒன்றை என் மடியில் போட்டார். உள்ளே ஒரு கைக்கோடாலி. துரு ஏறி, காம்பு ஆடிக்கொண்டிருந்தது.

"விக்கிறீங்களா அக்கா?"

"விக்கிறதா? வாயைக் கழுவு. அவரோடதுடி. துரு எடுத்துக் குடு. பிப்ரவரி ஆறாந்தேதி வருசப் பூசை. அன்னைக்கு இது என் கையில இருக்கணும்."

"படத்துக்கு முன்னாடி வைக்கவா?"

"உனக்கு எல்லாம் இப்பவே தெரியணுமா? ஊரு முழுக்கச் சொல்லிட்டுத்தான் மறுவேலை பாப்ப. பின்பக்கம் மட்டும் பளிச்சுன்னு தெரியணும். அதுதான் முக்கியம், கேட்டியா?"

"நிலாவாட்டம் ஆக்கித் தர்றேன்" என்றேன்.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். மாடு இல்லாததால் கோடாலியைக் குளிப்பாட்டினேன்.

அருமையான இரும்பு. காம்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் பின்மண்டையில், அதாவது வெட்டும் வாய்க்கு எதிர்ப்பக்கம், பழைய ஒரு ரூபாய் அளவுக்கு மேடும் பள்ளமுமாகத் திட்டுத் திட்டாகத் துருத்திக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருடமாக மனிதத் தோலைப் பார்க்கிறேன். பருவா, மச்சமா, மருவா என்று வாசற்படியில் நிற்கும்போதே சொல்லிவிடுவேன். இது மரு. சந்தேகமே இல்லை.

கை கிரைண்டரை எடுத்தேன். ("மாவாட்டப் போறியா?" என்றார் இவர், நம்பிக்கையோடு.) இருபது நிமிடம் தீப்பொறி. பிறகு எண்பது நம்பர் உப்புத்தாள், இருநூற்றிருபது, அறுநூறு. கடைசியில் பழைய சேலைத் துணியும் மெழுகும். முகம் பார்க்கும் கண்ணாடி தோற்றது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"என் வழுக்கை தெரியுது" என்றார்.

இந்த ஊரிலேயே முதன்முதலாகக் கோடாலிக்கு ஃபேஷியல் செய்தவள் நான்தான். என் கையை நானே முத்தமிட்டுக்கொள்ளலாம்.

ஜனவரி 18, வியாழன்

என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம்.

கொர்னேலி அக்கா பக்கத்துக் கடையில் முறுக்கு வாங்க வந்தவர் பார்லருக்குள் எட்டிப்பார்த்தார். கோடாலி மேசைக்கு அடியில்தான் துணி சுற்றி இருந்தது. முழுவதும் முடித்துக் காட்டி ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று, "இன்னும் ஊறுது அக்கா" என்றேன். அப்போது அது அல்பப் பொய்.

"எழுத்து தெரிய ஆரம்பிச்சிருச்சா?"

"என்ன எழுத்து?"

அக்கா உட்கார்ந்தார். உட்கார்ந்தால் அரை மணி நேரம்.

மிக்கேல் அண்ணன் அந்தக் காலத்தில் சின்ன மரக் காண்டிராக்டராம். எனக்குத் தெரிந்து அவர் பேப்பர் காண்டிராக்டர். எஸ்டேட்டுகளில் ஏலம் எடுத்த கற்பூர மரமும் சில்வர் ஓக்கும் ஒரே மர டிப்போவில் வந்து குவியும். யாருடைய மரம் எது என்று தெரிய, வெட்டிய முகத்தில் அவரவர் முத்திரையை ஓங்கி அடிப்பார்கள். கோடாலியின் பின்மண்டையிலேயே எழுத்தைப் புடைப்பாக வார்த்து வைத்திருப்பார்கள். ஒரே ஆயுதம். முன்னால் வெட்டு, பின்னால் கையெழுத்து.

"எல்லாரும் அப்பன் பேரு, சாமி பேருன்னு எழுத்து வெச்சாங்க. இவரு கல்யாணமான புதுசு. 'கொ' வெக்கச் சொல்லிட்டாரு. கொர்னேலிக்கு. முதல்ல ஆசாரி நேராவே எழுத்தை வார்த்துட்டான். அடிச்சா மரத்துல இடம் வலம் மாறி விழுது. ஒரு லோடு மரம் என்ன பாசைன்னே தெரியாம மேட்டுப்பாளையம் போச்சு. அப்புறம் திருப்பிப் போட்டு வார்த்தாங்க. டிப்போக்காரனுங்க சும்மா விடுவானுங்களா? 'கொ'ன்னா என்ன மிக்கேலு, கொள்ளையா, கொசுவான்னு கேப்பானுங்க. ரெண்டும் எங்க வீட்லதான் இருக்குன்னு சொல்லுவாராம்."

சிரித்தார். நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே வேறு அறையிலிருந்து கேட்டது.

"அவரு கல்லறைச் சிலுவைய மரத்துலதான் செஞ்சு வெச்சிருக்கேன். வருசப் பூசை அன்னைக்கு நானே என் கையால அதுல ஒரு அடி அடிக்கணும்டி. ஆயிரக்கணக்கான மரத்துல என் பேரை அடிச்ச மனுசனுக்கு ஒண்ணாவது நான் அடிக்க வேண்டாமா?"

திருப்பிப் போட்ட 'கொ' மருவைப் போலத்தான் இருக்கும். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பளிச்சென்று தெரிய வேண்டும் என்றால் எழுத்து தெரிய வேண்டும் என்று அர்த்தம். நான் பளபளப்பு என்று புரிந்துகொண்டேன். என் தொழிலில் வேறு எப்படிப் புரியும்?

ஜனவரி 19, வெள்ளி

இரவு நான் சாப்பிடவில்லை. இவர் மிகவும் கவலைப்பட்டு என் பங்கையும் சாப்பிட்டார்.

ஜனவரி 20, சனி

லேத் பட்டறை மாதையனிடம் கோடாலியைக் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருங்க இதை இப்படி வழிச்சது?"

"யாரோ. விவரம் இல்லாதவங்க."

"வெல்டிங் வெச்சு மேடாக்கி எழுத்து வெட்டிரலாம்ங்க. ஆனா எந்த மாதிரி 'கொ'? கொம்பு சுழிச்சா, நீட்டியா? வட்டம் உண்டா? ஒரு மாதிரி இருந்தாக் குடுங்க. இல்லேன்னா நான் பஸ்ல எழுதற மாதிரி வெட்டிருவேன்."

பட்டறைக்கு வெளியே பிளந்து போட்டிருந்த கற்பூர மரத்தின் வாசம். நின்றுவிட்டேன். அப்பாவின் கடையில் மழைக்காலத்தில் இதே வாசம்தான், அதோடு ஈரச் சாக்கு வாசமும் கலந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைந்ததும் விறகுத் தராசின் ஒரு தட்டில் என்னை உட்காரவைத்து மறு தட்டில் விறகு போடுவார். சமமானதும், "இன்னிக்கு எம்பொண்ணு ரெண்டு தூக்கு, ஒரு சிராய்" என்று கடைக்கு முன்னால் நின்று சத்தமாக அறிவிப்பார். எதிரே மிதிவண்டிக் கடைக்காரர் அதை ஒப்புக்கொள்ளாமல் சண்டைக்கு வருவார். இப்போது நான் எத்தனை தூக்கு என்று இந்தக் குறிப்பில் எழுதுவதாக இல்லை.

வீட்டுக்குத் தாமதமாகப் போனேன். பஸ் கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

ஜனவரி 23, செவ்வாய்

கோடாலியில் எழுத்து போனால் என்ன, அது அடித்த மரங்கள் எங்கேயாவது இருக்கும்தானே! இந்த யோசனை குளிக்கும்போது வந்தது. இரண்டு நாளாக விசாரணை. புருவம் எடுக்கப் படுத்திருக்கும் பெண்ணால் எழுந்து ஓட முடியாது. அதுதான் என் தொழிலின் வசதி.

"உங்க வீட்டு உத்திரத்துல 'கொ'ன்னு ஏதாவது எழுதியிருக்கா?"

மங்களூர் ஓட்டு வீடுகள், பழைய சினிமாக் கொட்டகை, சர்ச் ஹால், மூன்று எஸ்டேட் பங்களா எல்லாவற்றிலும் பெண்கள் அண்ணாந்து பார்த்துவிட்டார்கள். பேங்க் மேனேஜர் மனைவிக்குக் கழுத்துப் பிடிப்பு வந்துவிட்டது. (கோடாலித் தைலம் கொடுத்தேன். கைவசம் ஐந்து பாட்டில் இருக்கிறதே.) எங்கள் தெருவில் 'கொ' என்றால் ஏதோ பேய் ஓட்டும் குறி என்று பேச்சு கிளம்பி, இரண்டு வீடுகளில் சாக்பீசால் எழுதியே வைத்துவிட்டார்கள். அசல் மட்டும் கிடைக்கவில்லை.

கடையை விற்றபோது அப்பாவின் கோடாலியைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டது நான்தான். எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜனவரி 27, சனி

காலையில் இவர் காப்பியை மூன்று முறை ஆற்றினார். ஆறிப்போன காப்பியை ஆற்றுகிறார் என்றால் விஷயம் பெரிது.

"சௌந்தரம், நீ கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"அந்த 'கொ' நான் பாத்திருக்கேன்."

"எங்க?"

"ஒரு கட்டடத்துல. பின்பக்கம். உத்திரம் சுவத்துக்கு வெளிய நீட்டிட்டு இருக்கும். அதோட முகத்துல வட்டத்துக்குள்ள 'கொ'."

"அதான் எந்தக் கட்டடம்?"

மறுபடியும் ஆற்றினார்.

"பழைய மர குடோன். இப்ப வேற மாதிரி நடத்தறாங்க."

"வேற மாதிரின்னா?"

"கவர்மென்ட்டுதான் நடத்துது" என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டே.

ஒயின் ஷாப்! ஒன்பது வருடத்துக்கு முன்னால் பழனியில் மொட்டை போட்டு, மாலை போட்டு, என் தலையில் அடித்துச் சத்தியம் செய்து நிறுத்திய மனிதர்!

"எப்பவாவதுதான். வாசல்ல தெரிஞ்சவங்க பாப்பாங்கன்னு பின்பக்கம் நிப்போம். எல்லாரும் அந்த எழுத்தைத்தான் பாத்துட்டு நிப்போம். அதுக்கு 'கொஞ்சம்'னு அர்த்தம்னு சொல்லிக்குவோம். அளவா குடிக்கணும்னு எழுதி வெச்சிருக்காங்கன்னு..."

இவரைத் திட்டுவதற்கு நல்ல நல்ல வார்த்தைகள் வாய்வரை வந்தன. ஒத்திவைத்தேன். முதலில் உத்திரம்.

ஜனவரி 30, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் போனோம். பீர் பெட்டிகளை அடுக்கி ஏறினேன். இவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டார், பழக்கப்பட்ட கைகள்.

இருந்தது. வெயிலிலும் மழையிலும் சாம்பல் நிறமாகிப்போன மரத்தின் முகத்தில், வட்டத்துக்குள், சற்றுச் சாய்ந்து, 'கொ'. கொம்பின் சுழி கூடத் தேயவில்லை. நாற்பது வருடப் பழைய எழுத்து.

தேங்காயெண்ணெயைத் தடவி, சூடு செய்து ஃபிளாஸ்கில் கொண்டுபோன கெட்டி வேக்சை அதன் மேல் அப்பினேன். உதட்டுக்கு மேல் மீசை எடுக்கிற வேக்ஸ்தான். ஆறியதும் ஓரத்தை நகத்தால் நெம்பி உரித்தேன். உள்ளங்கையில் புடைப்பாக, இடம் வலம் மாறி, என் பழைய சிநேகிதி அந்த மரு.

அழவில்லை. கண்ணில் தூசி விழுந்தது. அங்கே ஒட்டடை அதிகம்.

பிப்ரவரி 1, வியாழன்

மாதையன் வேக்ஸை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, "திங்கக்கிழமை சாயங்காலம் குடுத்துர்றேன்ங்க. கொஞ்சம் துருவும் ஏத்திக் குடுத்துட்டா அவங்களுக்குத் தெரியவே தெரியாது" என்றார்.

தெரியவே தெரியாது. அக்காவுக்குக் கண் பார்வையும் அவ்வளவாக இல்லை. கட்டை விரலால் தடவிப் பார்ப்பார், சிரிப்பார், சிலுவையில் அடிப்பார். எல்லாருக்கும் சந்தோஷம். முகத்தில் இல்லாத களையை வரவழைத்துக் காசு வாங்குகிறவளுக்கு இது ஒரு விஷயமா?

கோடாலியை அவரிடம் கொடுக்காமல் திரும்பிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. நாளைக்குக் கொடுக்கலாம்.

பிப்ரவரி 2, வெள்ளி

பூசைக்கு முன்னால் டை அடிக்க அக்கா வந்தார். வகிடு எடுத்து இடது பக்கம் பூசி முடித்து, வலது பக்கத்துக்கு வந்தேன்.

"அவரு இருந்தா இந்நேரம் ரெண்டு தடவை எட்டிப் பாத்து, இன்னும் வெள்ளை போகலையான்னு கேட்டிருப்பாரு" என்றார். விரல்கள் நாற்காலியில் தட்டிக்கொண்டிருந்தன.

பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். கோடாலியையும் வேக்ஸையும் அவர் மடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மரு, கிரைண்டர், அறுநூறு நம்பர் உப்புத்தாள், ஊறுது என்ற பொய், ஒயின் ஷாப், பட்டறை.

அக்கா பின்மண்டையைக் கட்டை விரலால் தடவினார். திரும்பத் தடவினார். வழவழவென்று இருந்திருக்கும். என் வேலை அப்படி.

"புருவம் எடுக்கச் சொன்னா மண்டையவே எடுத்துட்டியேடி" என்றார். சத்தமாகக்கூட இல்லை.

கோடாலியைக் கோணியில் சுற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டார். பாதித் தலை கறுப்பு, பாதி வெள்ளை, கழுத்தில் என் பார்லர் துண்டு. அப்படியே பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போனதைப் பத்து பேராவது பார்த்து வந்து என்னிடமே சொன்னார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் யாரிடமும் விவரம் கேட்கவில்லை.

பிப்ரவரி 3, சனி

வரவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

பத்து மணிப் பூசைக்கு முக்காட்டோடு போனாராம். சர்ச்சுக்குப் போகாத நான் சர்ச் எதிரே கேரட் வாங்கினேன். இரண்டு கிலோ. என்னைப் பார்த்தார். கேரட்டையும் பார்த்தார். போய்விட்டார்.

பிப்ரவரி 5, திங்கள்

கேரட் பொரியல், கேரட் சாம்பார், கேரட் அல்வா. இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதைய நிலைமையில் பேசவும் முடியாது, பாவம்.

பிப்ரவரி 6, செவ்வாய்

பதினொன்றரை மணிக்குக் கதவு தட்டும் சத்தம். முக்காடு, கையில் கோணி இல்லாமல் வெறும் கோடாலி. ஒரு நொடி எனக்கு உயிர் போய் வந்தது.

"பூசை முடிஞ்சுது. செருப்பைப் போடு. அந்த இடத்தைக் காட்டு."

நடந்தே போனோம். நான் பேசாமல் நடந்த தூரங்களில் இதுதான் நீளமானது. இவர் பத்தடி பின்னால், எங்களைத் தெரியாதவரைப் போல வந்தார்.

பின்பக்கம் பெட்டிகளை அடுக்கினேன். அக்கா என் தோளைப் பிடித்து ஏறினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார். வட்டத்தைச் சுற்றினார், கொம்பின் வழியே ஏறி, சுழியில் நின்றார்.

"கோணலா அடிச்சிருக்காரு, பாரு."

"ஆமாக்கா."

"இடது கைக்காரரு. எப்பவும் படுத்த மாதிரிதான் விழும். என் பேரைத் தூங்க வெச்சிட்டீங்கன்னு சண்டை போடுவேன்."

"வேக்ஸ் பத்திரமா இருக்குக்கா. மாதையன்கிட்ட சொன்னா அந்தச் சாய்வோடயே வெட்டிக் குடுத்துருவாரு. சாயங்காலத்துக்குள்ள சிலுவையில..."

"போடி இவளே. எழுத்து நேராத்தான்டி இருந்துச்சு. கோணல் அவரு கையில. அதை எந்தப் பட்டறையில வெட்டுவாங்க?" விரலை எடுக்காமலே சொன்னார். "சிலுவையில பேரு இருக்கு. போதும்."

நான் மூக்கைச் சிந்தினேன். அக்கா முறைத்தார். ஆனால் தோளை விடவில்லை, இன்னும் அழுத்திப் பிடித்தார். மன்னிப்பா, பெட்டி ஆடியதா என்று நான் ஆராயவில்லை.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. கடை திறக்க முன்பக்கம் கூடியவர்களில் நாலைந்து பேர் வழக்கமான இடம் தேடிப் பின்பக்கம் வந்தார்கள். வந்தவர்கள் கண்டது: பீர் பெட்டி மேல் முக்காடு நழுவி, பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாகத் தலை விரிந்த ஓர் அம்மாள், கக்கத்தில் கண்ணாடியாக மின்னும் கோடாலி. கீழே அழுதுகொண்டு நான். ஒருவர் "ஐயோ, அடிச்சு உடைக்க வந்துட்டாங்க" என்றார். அடுத்த நொடி முன்பக்க வரிசையும் இல்லை. பத்தடி தள்ளி நின்ற இவரும் பழக்க தோஷத்தில் கூடவே ஓடிவிட்டார்.

சத்தம் கேட்டு விற்பனைக்காரர் சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"அக்கா, போராட்டம்னா முன்னாடியே சொல்லணும்ங்க. நான் மேலிடத்துக்குத் தகவல் குடுக்கணும்."

"போராட்டமெல்லாம் இல்ல தம்பி" என்றார் கொர்னேலி அக்கா, உத்திரத்திலிருந்து கையை எடுக்காமல். "வீட்டுக்காரரைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

விற்பனைக்காரர் முகம் அப்படியே இளகிவிட்டது. இதைக் கேட்டுத் தினம் எத்தனை பெண்கள் வருவார்களோ.

"இன்னும் கடையே திறக்கலீங்களே அக்கா" என்றார் மெதுவாக. "பேரைச் சொல்லுங்க. வந்தா நான் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன்."